மணிக்கணக்குல பாட்டு கேக்க எந்த ஹெட்போன்: சேலத்துக்கு ஒண்ணு, ஏற்காட்டுக்கு வேற

ஹெட்போன் வாங்கப் போறவங்க முதல்ல கேக்கறது பேஸ் எப்படி, டிரைவர் (உள்ள இருக்கற குட்டி ஸ்பீக்கர்) எத்தன எம்எம், நாய்ஸ் கேன்சலிங் (வெளி சத்தத்த அடக்கறது) இருக்கா, இவ்ளோதான். காத சுத்தி ஒக்கார்ற பேட் என்ன துணின்னு கேக்கறவங்க ரொம்பக் கம்மி. பஸ்ல அரை மணி நேரம் கேக்கறவங்களுக்கு அது பரவால்ல. ஞாயித்துக்கிழம மத்தியானம் சாப்டுட்டு ஒக்காந்தா சாயந்திரம் காபி வர்ற வரைக்கும் கழட்டாம கேக்கற ஆளுங்களுக்கு, அதுவும் சேலத்துல இருக்கறவங்களுக்கு, மொதல்ல பாக்க வேண்டியதே அந்த பேடுதான், சவுண்டெல்லாம் ரெண்டாவது. சவுண்டு எவ்ளோ பிரமாதமா இருந்தாலும் காது வேர்த்து அரிக்க ஆரம்பிச்சா முக்கா மணி நேரத்துல கழட்டி டேபிள் மேல வெச்சிருவீங்க, அப்பறம் அது டேபிள் மேலயேதான் கெடக்கும்.

நான் இருக்கறது சேலம் அம்மாபேட்டைல, பின்பக்கத் தெருவுல தறி ஓடுது. சம்சாரத்தோட தம்பி ஏற்காட்ல, நாகலூர் பக்கம் காபி எஸ்டேட்ல வேல, அங்கயே குவார்ட்டர்ஸ். ரெண்டு பேரும் ஒரே சமயத்துலதான் ஹெட்போன் தேடிட்டு இருந்தோம், பட்ஜெட்டும் ஏறக்கொறய ஒண்ணுதான். "மாமா, நீங்கதான் உக்காந்து ஆராய்ச்சி பண்றீங்களே, ஒங்களுக்கு எடுக்கறதயே எனக்கும் ஒண்ணு போட்ருங்க"ன்னான். "இல்ல மாப்ள, இங்க எனக்கு சரிப்படறது அங்க ஒனக்கு சரிப்படாது"ன்னா நம்ப மாட்டேங்கறான். நெசமாவே அப்படித்தான். நடுவுல இருக்கறது 20 கொண்டை ஊசி வளைவு, ஆனா கீழ சித்திரைல 38, 40 டிகிரின்னு பொளக்கறப்போ, 1500 மீட்டர் மேல அவன் ஃபேன் கூட போடாம ஒக்காந்திருப்பான். ரிவ்யூ எழுதறவங்க எல்லாம் ஏசி ரூம்லயோ குளிர் தேசத்துலயோ ஒக்காந்து எழுதறாங்க, அவங்க "கம்ஃபர்ட் பத்துக்கு ஒம்பது"ன்னு போட்டா அது அவங்க ரூமுக்கு போட்ட மார்க்கு, நம்ம ரூமுக்கு இல்ல.

வகைங்கள சுருக்கமா சொல்லிடறேன். காத முழுசா உள்ள விட்டுக்கறது ஓவர் இயர், காது மேலயே ஒக்கார்றது ஆன் இயர், காதுக்குள்ள சொருகறது இயர்போன், அதயே ஐஇஎம்னும் சொல்றாங்க. ஓவர் இயர்லயே ரெண்டு ஜாதி. கப்போட பின்பக்கம் வலை போட்டு தொறந்திருந்தா ஓப்பன் பேக், அடைச்சிருந்தா க்ளோஸ்டு பேக். நம்ம ஊரு கடைல தொங்கறது முக்காவாசி ப்ளூடூத் க்ளோஸ்டு பேக்தான், ஓப்பன் பேக்னு கேட்டா கடக்கார தம்பி நம்மள ஒரு மாதிரி பாப்பாரு. அது ஒண்ணும் புது சமாச்சாரம் இல்லைங்க, 1968லயே சென்ஹைசர் ஹெச்டி 414னு ஒண்ணு விட்டாங்க, மஞ்சக் கலர் ஸ்பாஞ்ச் வெச்சது, ஓப்பன் ஹெட்போன் கதையே அங்கதான் ஆரம்பிக்குது.

இப்ப பேடுக்கு வருவோம். பொதுவா மூணு விதமா வருது. லெதரெட், அதாவது தோலு மாதிரி இருக்கற ப்ளாஸ்டிக் ஷீட்டு. ரெண்டாவது வெலூர், வெல்வெட் மாதிரி துணி. மூணாவது சும்மா நூல் துணி, மெஷ். லெதரெட் காத சுத்தி காத்து போகாம சீல் பண்ணிடும், அதனாலதான் பேஸ் கும்முனு வருது, வெளி சத்தமும் உள்ள வர்றதில்ல, சோனி எக்ஸ்எம்4, எக்ஸ்எம்5, போஸ் க்யூசி45, ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் எல்லாமே அந்த வகைதான். அதே சீலுதான் நமக்கு எமனும். மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு டவுன் பஸ்சு ரெக்சின் சீட்டுல ஒக்காந்து எந்திரிச்சா சட்டை எப்படி ஒட்டிட்டு வருமோ, அப்படி ஒட்டிட்டு வரும் காதோரம். ஃபேன் நேரா மேல சுத்தினாலும் அந்தக் காத்து கப்புக்குள்ள போகாது. வெலூரும் மெஷ்ஷும் வேர்வைய உறிஞ்சிக்கும், கொஞ்சம் காத்தும் விடும், அதுலயும் பின்னாடி ஓப்பன் பேக்கா இருந்துட்டா உள்ள சூடு தங்காது. சென்ஹைசர் ஹெச்டி 599, ஹெச்டி 560எஸ், பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ இதெல்லாம் வெலூர் பேடு, ஓப்பன் பேக். வெயிட்டும் 240, 250 கிராம்தான். சேலத்துல சத்தமில்லாத தெருவுல வீடுன்னா, கன்னங்குறிச்சி உள்பக்கம், ஃபேர்லேண்ட்ஸ் உள்பக்கம் இந்த மாதிரி, இதத் தாண்டி யோசிக்கவே வேணாம்.

ஆனா ஓப்பன் பேக்ல நம்ம ஊருக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு, சீலிங் ஃபேன். வெயில்ல ஃபேன அஞ்சுல வெக்காம முடியாது, அஞ்சுல வெச்சா அந்த ஸ்ஸ்னு வர்ற காத்து சத்தம், கூடவே அந்த டக் டக், எல்லாம் வடிகட்டாம உள்ள வரும். புல்லாங்குழல், வீணைன்னு மெதுவா போற எடத்துல எரிச்சலா இருக்கும், கை தன்னால வால்யூம ஏத்தும். ஏத்தறதுல ஒரு கணக்கு இருக்குங்க. பெரியவங்க வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றது 80 டெசிபல் அளவுலதான், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாயிடும், 83னா 20 மணி நேரம், 86னா 10. தெனம் மூணு நாலு மணி நேரம் கேக்கற ஆளு ஃபேன் சத்தத்துக்காக ரெண்டு மூணு பாயிண்ட் ஏத்திட்டு இருந்தா வாரக் கடைசில எங்க போய் நிக்குதுன்னு பாத்துக்கங்க. ஃபேனுக்கு நேர் கீழ ஒக்காராம கொஞ்சம் தள்ளி சேர போட்டு ஃபேன மூணுல வெச்சா ஓரளவுக்கு ஓடும், இல்லன்னா சத்தம் கம்மியா இருக்கற டேபிள் ஃபேன கால் பக்கம் திருப்பி வெக்கலாம்.

அடுத்தது ஹெட்போனுக்கு வெளிய போற சத்தம். ஓப்பன் பேக்குல நீங்க கேக்கறது பக்கத்துல ஒக்காந்திருக்கறவங்களுக்கும் கேக்கும். ஒரே ரூம்ல புள்ளைங்க படிக்குதுன்னா, பெரியவங்க தூங்கறாங்கன்னா அது சரிப்படாது, ராத்திரி பதினோரு மணிக்கு மேல வீட்ல திட்டுதான் விழும்.

எங்க வீட்டுக்கு ஓப்பன் பேக் ஆகாதுன்னு முடிவானதே தறியாலதான். அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டி பக்கம் இருக்கறவங்களுக்கு சொல்லவே தேவையில்ல, பவர்லூம் சத்தம் பழகிப் போச்சுன்னு நெனப்போம், ஹெட்போன் மாட்டினாதான் அது எங்கெங்க நுழையுதுன்னு தெரியும். தவில் தனி ஆவர்த்தனம் ஓடிட்டிருக்கும், பின்னாடி தறி அதோட தாளத்துக்கு கட கடன்னு ஓடும், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேராது. சரி நாய்ஸ் கேன்சலிங் வாங்கிக்கலாமேன்னா, அது மொனகற சத்தத்துக்கு சூரன், பஸ்சு இஞ்சின், ஏசி, ஃபேனோட அடி மொனகல் இதெல்லாம் சட்டுனு தொடச்சி எடுத்துடும். தறியில அந்த நாடா (ஊடு நூல கொண்டு போற கட்டை) ரெண்டு பக்கமும் அடிச்சு அடிச்சு வர்ற சத்தம் ஒவ்வொண்ணும் தனித்தனி அடி, திடீர்னு வந்து திடீர்னு போறது, அதுவும் கூர்மையா, அத மைக்கு கேட்டு எதிர் சத்தம் போட்டு அடக்கறது அவ்ளோ சுலபம் இல்ல. அந்த மாதிரி சத்தத்துக்கு சும்மா கெட்டியா மூடற கப்புதான் நல்லா வேல செய்யும். இன்னொண்ணு, நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனுக்கு வெளிப்பக்கம் மைக்கு இருக்கு, பெடஸ்டல் ஃபேன் நேரா மூஞ்சிக்கு அடிச்சா அந்த மைக்குல காத்து பட்டு பட படன்னு ஒரு சத்தம் வரும். கூடவே சில பேருக்கு அத ஆன் பண்ணதும் காத அடைச்ச மாதிரி, மலை ஏறறப்போ ஆகுமே அந்த மாதிரி ஒரு அழுத்தம் தெரியும், எங்க அம்மாவுக்கு அது ரெண்டு நிமிஷம் கூட தாங்கல.

அப்ப க்ளோஸ்டு பேக்காவும் இருக்கணும், பேடு துணியாவும் இருக்கணும். இந்த ரெண்டும் சேந்து வர்றது கம்மி, அதுல ரொம்ப நாளா எல்லாரும் கை காட்டறது பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ. ஸ்டூடியோக்காரங்க நாள் பூரா மாட்டிட்டு இருக்கறது, வெயிட்டு 270 கிராம், 80 ஓம், 250 ஓம் (ஓம்னா மின்தடை, அது ஏற ஏற ஃபோன்ல சத்தம் கம்மியாகும்) மாடல்ல சாம்பல் கலர் வெலூர் பேடு வரும். எம்50எக்ஸ்சோட வெச்சு பாத்தா, அது 285 கிராம், கப்பு சின்னது, பேடும் லெதரெட், காது கொஞ்சம் பெருசா இருந்தா மடல் ஓரம் பேடுல மாட்டிக்கும். டிடி 770ல கப்பு வட்டமா பெருசா இருக்கறதால காது உள்ள தாராளமா ஒக்காரும். ஆழமும் முக்கியங்க, காது மடல் உள்ள இருக்கற டிரைவர் மூடி மேல இடிச்சிட்டே இருந்தா ஒரு மணி நேரம் கழிச்சு சுருக்குனு வலிக்க ஆரம்பிக்கும், கடைல அஞ்சு நிமிஷம் மாட்டிப் பாக்கறதுல அது தெரியவே தெரியாது. சரி, வெலூருன்னா வேர்க்கவே வேர்க்காதான்னா, வேர்க்கும், க்ளோஸ்டு பேக்கு க்ளோஸ்டு பேக்குதான். லெதரெட்டுல வழியற எடத்துல இதுல பிசுபிசுக்காது, அவ்ளோதான் வித்தியாசம், ஆனா ரெண்டு மணி நேரம் தாண்டறப்போ அந்த வித்தியாசம் பெருசு. லெதரெட் ஹெட்போன் ஏற்கெனவே கைல இருக்குன்னா அதுக்கு வெலூர் பேடு தனியா வாங்கி மாத்திக்கலாம், ஆனா சீலு தளர்ந்து பேஸ் கொறயும், சவுண்டு மாறும், தெரிஞ்சே மாத்துங்க.

வெயிட்ட பத்தி ஒண்ணு. கிராம் கணக்கு மட்டும் பாத்தா பத்தாது, அது தலையில எப்படி பரவுதுன்னும் பாக்கணும், இருந்தாலும் 300 கிராம் தாண்டினா உச்சந்தலை ரெண்டு மணி நேரத்துல ஞாபகப்படுத்த ஆரம்பிச்சிடும்ங்கறது என்னோட கணக்கு. ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸ் பேடு நல்ல துணிதான், நம்ம வெயிலுக்கு பொருத்தமா தெரியும், ஆனா 385 கிராம் கிட்ட வருது. ஹைஃபைமேன் ஹெச்இ400எஸ்இ மாதிரி ப்ளானர் வகை (தட்டையான மெல்லிசு படலத்தால சத்தம் எழுப்பறது) சவுண்டுக்காக ஆசப்பட வெக்கும், 390 கிராம், உள்ள இருக்கற காந்தம் அப்படி, சேர்ல தல சாய்ச்சு ஒக்கார்ற ஆளுக்கு ஓகே, குனிஞ்சு லேப்டாப்ல வேல பாத்துக்கிட்டே கேக்கறவங்களுக்கு கழுத்துதான் போகும்.

வெயிட்டுக்கு அடுத்து புடி. ரெண்டு பக்கமும் எவ்ளோ அழுத்துதுங்கறது. லூசா இருந்தா நழுவும், டைட்டா இருந்தா தாடை மூட்டுக்கிட்ட வலிக்கும், கண்ணாடி போடறவங்களுக்கு கேக்கவே வேணாம், பேடு கண்ணாடிக் கம்பிய காதுக்குப் பின்னாடி எலும்போட சேத்து அமுக்கும். சென்ஹைசர் ஹெச்டி 600, 650 ரெண்டும் 260 கிராம்தான், பேடும் வெலூரு, சவுண்டும் மென்மையானது, ஆனா புதுசுல நல்லா இறுக்கும்னு எல்லாரும் சொல்றதுதான், போகப் போக தளரும். ஹெட்பேண்டு உள்ள இரும்புப் பட்ட இருக்கற மாடல்னா ராத்திரி நாலஞ்சு தடி புக்க அடுக்கி அதுமேல மாட்டி வெச்சா கொஞ்சம் விரியும், வெறும் ப்ளாஸ்டிக்னா அந்த வேலைய பண்ணாதீங்க, ஒடஞ்சிரும். கண்ணாடிக்காரங்களுக்கு வெலூர்ல இன்னொரு வசதி, துணிக்குள்ள கம்பி புதைஞ்சிக்கும், லெதரெட்ல கம்பி போற எடத்துல சந்து விழுந்து பேஸ் ஒழுகிடும்.

பொம்பளைங்க படற பாட்ட எந்த ரிவ்யூலயும் பாத்ததில்ல. எங்க வீட்ல மத்தியானம் ஹெட்போன் சம்சாரம் கைலதான், கம்மல் போட்டுக்கிட்டு ஓவர் இயர் மாட்டினா திருகாணி காதுக்குப் பின்னாடி பேடு மேல அழுத்தி குத்துது, ஜிமிக்கின்னா பேடுக்கு அடியில மாட்டிக்கிட்டு ஒரே இம்சை. பெரிய வட்டக் கப்பு, மெத்துனு தடிமனான பேடு, இது ரெண்டும் இருந்தாதான் கம்மலோட ஒத்து வருது. கொண்ட போட்டு பூ வெச்சிருந்தா ஹெட்பேண்டு எங்கதான் ஒக்காரும்? அதுக்கு காஸ் கேஎஸ்சி75 மாதிரி ஹெட்பேண்டே இல்லாம காதுல கொக்கி போட்டு மாட்டறது நல்லா இருக்கு, ஸ்பாஞ்சு பேடு, பஞ்சு வெயிட்டு. அதே கம்பெனியோட போர்டா ப்ரோ 1984லருந்து வருது, அதுவும் லேசு, அழுத்தத்த கூட்டிக் கொறைக்க பக்கத்துல ஒரு சின்ன தள்ளு பட்டன் கூட இருக்கு, ஆனா அந்த ரெண்டு தகடு நகர்ற எடத்துல முடி மாட்டி வெடுக்குனு இழுக்கும், நீள முடி இருக்கறவங்க யோசிங்க. இதெல்லாம் ஓப்பன் வகைதான், தறிக்கு ஆகாது, ஆனா வெல ரொம்ப கம்மி, வெயில் காலத்துக்குன்னு ரெண்டாவதா ஒண்ணு வெச்சிக்கறதுன்னா இதத்தான் சொல்லுவேன்.

இன்னொரு விஷயம், காது வலிக்காமயே அலுத்துப் போறது. நாதஸ்வரம் நெறய கேக்கறவங்க இத கவனிக்கணும். நாதஸ்வரமே கூர்மையான சத்தம், டிடி 990 ப்ரோ மாதிரி ட்ரெபிள் (மேல் ஸ்தாயி சத்தம்) தூக்கலா இருக்கற ஹெட்போன்ல அத போட்டா மொத பத்து நிமிஷம் ஆகா ஓகோன்னு இருக்கும், நாட்டை முடிஞ்சு அடுத்த ராகம் ஆரம்பிக்கறதுக்குள்ள காது கூசும், கழட்டிரலாமான்னு தோணும், ஏன்னே தெரியாது. டிடி 770லயும் அந்த ட்ரெபிள் கொஞ்சம் இருக்கு, ஃபோன்ல ஈக்வலைசர்ல 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மூணு நாலு டெசிபல் எறக்கி வெச்சா சரியாயிடுது. மெல்லிசை, பழைய பாட்டுதான் கேப்பேன்னா ஹெச்டி 599, 650 மாதிரி மென்மையான டோன் ரொம்ப நேரத்துக்கு தாங்கும்.

இயர்போன் எங்க? படுத்துக்கிட்டு கேக்கறதுக்கு அதுதான். வெயில் காலத்துல மொட்டை மாடில பாய் போட்டு ஒருக்களிச்சு படுத்தா எந்த ஓவர் இயரும் ஆகாது. வேர்வைத் தொல்ல இல்ல, ஆனா காதுக்குள்ள ரப்பர் முனை மணிக்கணக்கா அழுத்திக்கிட்டு இருந்தா துவாரம் புண்ணாகற மாதிரி ஆகும், உள்ள ஈரம் தேங்கினா அரிப்பும் வரும். ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா கழட்டி காத்தாட விடறவங்களுக்கு சரி.

வயரா ப்ளூடூத்தாங்கறதுல நான் வீட்டுக்குன்னா வயர்தான்பேன். ப்ளூடூத்ல பேட்டரி 30 மணி நேரம் வருது, எக்ஸ்எம்4க்கு நாய்ஸ் கேன்சலிங் போட்டே அவ்ளோ போட்டிருக்காங்க, கொற சொல்ல முடியாது, ஆனா சில வருஷத்துல பேட்டரி தேஞ்சிரும், வயர் ஹெட்போனுக்கு அந்த ஆயுசுக் கணக்கு கெடையாது. ஒரு எச்சரிக்கை, ஹெச்டி 600, 650 ரெண்டும் 300 ஓம், டிடி 770ல 250 ஓம் மாடல் இருக்கு, ஃபோன்ல நேரா சொருகினா சத்தம் பத்தாது, தனியா ஒரு ஆம்ப் (சத்தத்த பெருக்கற பெட்டி) வேணும். ஃபோன், லேப்டாப்தான்னா ஹெச்டி 599ல 50 ஓம், டிடி 770ல 80 ஓம் எடுங்க, ஃபோன்ல ஜாக் இல்லன்னா ஒரு டாங்கிள், அதாவது சார்ஜர் ஓட்டைல சொருகற குட்டி கன்வர்ட்டர்.

இப்ப மாப்ள கதை. மேல ஃபேன் சத்தம் இல்ல, தறி இல்ல, ராத்திரி எட்டு மணிக்கு மேல சில்வண்டுதான். அந்த அமைதிக்கு ஓப்பன் பேக்க விட்டா வேற எது? கீழ எங்களுக்கு தெரியாமப் போற மெல்லிசான விஷயம் எல்லாம், பாடறவங்க மூச்சு எடுக்கறது, தம்புராவோட அடி நாதம், வால்யூம ஏத்தாமயே அங்க கேக்கும். அவனுக்கு ஹெச்டி 560எஸ்னு நான் சொல்லிட்டேன். அவன் ஆசப்பட்டது என்னமோ லெதரெட் வெச்ச ப்ளூடூத்துக்கு, மார்கழில காதுக்கு கதகதப்பா இருக்கும், மஃப்ளர் கூட வேணாம்ங்கறான். வாஸ்தவம்தான், கீழ எமனா இருக்கற சூடு மேல சொகமா இருக்கு, பேட்டரி இருக்கறதால மழைக்கு கரண்ட் போனாலும் கவலையில்ல. ஆனா அங்க பகை வேற, ஈரம். மாசக்கணக்குல மூட்டம் போட்டுக்கிட்டே இருக்கற ஊர்ல பீரோல வெச்ச பெல்ட்டு, செருப்பெல்லாம் பூசணம் பூக்குது, லெதரெட்டுக்கு மட்டும் கருணை காட்டுமா? அந்த பிளாஸ்டிக் ஷீட்ட ஈரக் காத்து மெல்ல மெல்ல அரிச்சு, ஒரு நாள் கழட்டறப்போ கருப்பு கருப்பா தூளு தூளா காதோரமும் கன்னத்துலயும் ஒட்டிட்டு வரும். வெலூரும் ஈரம் இழுக்கும், ஆனா கழட்டி கொஞ்சம் சோப்புத் தண்ணில அலசி வெயில் வந்தன்னிக்கு காய வெச்சுக்கலாம். எதுவா இருந்தாலும் மூடற டப்பால சிலிக்கா ஜெல் பாக்கெட்டு ரெண்ட போட்டு வெக்கணும், சுவத்து ஆணில தொங்க விடக் கூடாது.

கடைசில நான் டிடி 770 ப்ரோ 80 ஓம், அவன் ஹெச்டி 560எஸ்னு ஆச்சு. அவனோடதுல வயரு 3 மீட்டர், முனை பெரிய 6.3 எம்எம் ஜாக்கு, ஃபோனுக்கான சின்ன அடாப்டர் டப்பாக்குள்ளயே வரும், அத தொலச்சிராத மாப்ள, ஏற்காட்ல கெடைக்காது, அடிவாரம் எறங்கணும்னு சொல்லி அனுப்பிருக்கேன். என்னோடதுல வயர் கழட்ட முடியாத மாதிரி ஒட்டி வருது, சேர் சக்கரத்துல ஏத்திராம பாத்துக்கணும். நீங்க வாங்கறப்போ ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க, ரிட்டர்ன் எத்தன நாளு, பேடு தனியா விக்கறாங்களா. வந்ததும் சாயந்திரம் மாட்டிப் பாத்துட்டு நல்லாருக்குன்னு டப்பாவ தூக்கிப் போடாதீங்க, ரிட்டர்ன் தேதிக்குள்ள ஒரு நாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு, கண்ணாடி, கம்மல் என்ன போடுவீங்களோ அத போட்டுக்கிட்டு, தொடர்ந்து ரெண்டு மணி நேரம் கழட்டாம கேட்டுப் பாருங்க.